அன்று பாடியதும் இன்று பாடியதும்

பாடிய பாட்டையே மீண்டும் பாடுவது புதுமையன்று. மேடைக்கு மேடை பாடகர் அனைவரும் செய்வது அதுதான். ஆனால், ஓர் இசைக்குழு முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் தான் வெளியிட்ட இசைத்தட்டு முழுவதையும் மறுபடி பதிவறைக்குள் சென்று பாடி, வாசித்து, அதே பெயரோடு வெளியிடுமானால் அதை என்னவென்று சொல்வது? பழைய வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள் என்பதா? இடித்துக் கட்டினார்கள் என்பதா? இரண்டு வீடுகளும் எதிரெதிரே நிற்கும்போது நாம் எந்த வீட்டுக்குள் நுழைவது?

சென்ற பருவத்தில் எங்கள் விடுதி மாடியில் இந்தக் கேள்வி ஓர் இரவு இரண்டு மணி வரை எங்களைத் தூங்கவிடவில்லை. “பழசுலதான் அண்ணே உசிரு இருக்கு” என்றான் கோவைத் தம்பி ஒருவன். “உசிரு இருக்கட்டும்டா, சத்தம் தகர டப்பாவைத் தட்டுற மாதிரி இருக்கே” என்றான் மதுரைக்காரன். கோபம் ஏறியதே தவிர முடிவு கிட்டவில்லை. பௌதிகம் படிக்கிறவன் என்பதால் தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. தீர்ப்பு இன்னும் என்னிடம் இல்லை. தீர்ப்புக்குப் போகும் வழியில் நான் அறிந்துகொண்டவற்றையே இங்கே எழுதுகிறேன்.

எங்கள் பூசலுக்குக் காரணமான இசைத்தட்டு ‘சம்வேர் ஃபார் பியாண்ட்’. பாடியவர்கள் ஜெர்மனியின் கிரேஃபெல்ட் நகரத்துக் குழுவினரான ‘பிளைண்ட் கார்டியன்’. முதற்பதிவு 1992 ஜூன் மாதத்தில் வெளிவந்தது. மறுபதிவு 2024 அக்டோபரில் ‘ரீவிசிட்டட்’ என்னும் சொல்லைப் பெயரின் பின்னே ஒட்டிக்கொண்டு வந்தது.

எந்த இசை இது?

‘பவர் மெட்டல்’ என்று கேட்டதும் காதைப் பொத்திக்கொள்ளும் அன்பர்களுக்கு முதலில் ஒரு சொல். ஹெவி மெட்டல் என்னும் பெருங்குடும்பத்தில் 1980-களில் தழைத்த கிளை இது. ஹாம்பர்க் நகரத்து ‘ஹெலோவீன்’ குழுவினர் 1987-இலும் 1988-இலும் இரு பகுதிகளாக வெளியிட்ட ‘கீப்பர் ஆஃப் தி செவன் கீஸ்’ இக்கிளைக்கு இலக்கணம் வகுத்தது எனலாம். இரு கால்களாலும் இடைவிடாது முழங்கும் டிரம்ஸ், இணையாக ஓடும் இரண்டு கிதார்கள், உச்ச ஸ்தாயியில் ஏறும் குரல், பல்லவியில் படைபோல் எழும் கூட்டுக்குரல் ஆகியவை இதன் அடையாளங்கள். பாடுபொருள் பெரும்பாலும் கதைகள். வீரர், மாயவுலகு, நெடும்பயணம் பற்றியவை.

பிளைண்ட் கார்டியன் குழுவின் நான்காவது தட்டு நாம் பேசும் இத்தட்டு. இதன் பாடல்களுக்குப் பின்னே ஒரு சிறு நூலகமே இருக்கிறது. முதற் பாட்டுக்கு ‘பிளேட் ரன்னர்’ என்னும் திரைப்படம் தூண்டுதல். ‘தி குவெஸ்ட் ஃபார் டானலார்ன்’ மைக்கேல் மூர்காக்கின் கதையுலகைச் சேர்ந்தது; ஹெலோவீன் குழுவைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான கை ஹான்சன் இப்பாட்டில் விருந்தினராக வந்து கிதார் வாசித்தார். தட்டின் பெயரைத் தாங்கிய கடைசிப் பாட்டு ஸ்டீபன் கிங்கின் ‘டார்க் டவர்’ வரிசையிலிருந்து பிறந்தது. ‘தி பார்ட்ஸ் சாங்’ என்னும் இரட்டைப் பாடல் நடுவே நிற்கிறது. ‘பார்ட்’ என்பதற்கு நம்மிடம் உள்ள சொல் பாணன். ஊர் ஊராகச் சென்று கதை பாடுபவனின் பாட்டு அது.

மறுபிறப்பு மூவகை

பழைய பதிவு புதிதாகக் கடைக்கு வரும்போது எல்லாவற்றையும் ஒரே சொல்லால் அழைத்துவிடுகிறோம். உண்மையில் மூன்று வேறு வேலைகள் உண்டு.

முதலாவது ‘ரீமாஸ்டர்’. முடிந்துபோன ஒலிக்கலவையை எடுத்து இரைச்சலை நீக்குவது, கனத்தையும் கூர்மையையும் சீர்செய்வது. 1964-இல் வந்த ‘கர்ணன்’ திரைப்படத்தை 2012-இல் புதுப்பித்துத் திரையிட்டதை நினைத்துக்கொள்ளுங்கள். படமும் ஒலியும் துலக்கப்பட்டன. நடிப்பு 1964-இன் நடிப்பே.

இரண்டாவது ‘ரீமிக்ஸ்’. நம் நாட்டில் இச்சொல் பழைய பாட்டுக்கு ஆட்டத்தாளம் சேர்ப்பதைக் குறிக்கத் தொடங்கிவிட்டது. பதிவறையில் அதன் பொருள் வேறு. குரல் ஒரு தடம், கிதார் ஒரு தடம், டிரம்ஸ் பல தடங்கள் என்று தனித்தனியே பதிந்து வைத்திருப்பார்கள். அத்தடங்களை வேறு அளவுகளில் மறுபடி கலப்பதே ரீமிக்ஸ். அரிசியும் பருப்பும் அன்றையவை. சமையல் மட்டும் இன்றையது.

மூன்றாவது மறுபதிவு. இதில் பழைய தடம் ஒன்றுகூட இல்லை. பாட்டு பழையது, ஒலி முழுவதும் புதியது. நாம் பேசுவது இதைப் பற்றியே.

ஏன் மீண்டும் பாடுகிறார்கள்?

பணத்துக்காக என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோர் உண்டு. பணம் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால், அதற்குள்ளும் கவனிக்கத்தக்க நுட்பம் இருக்கிறது. பாட்டு வேறு, பதிவு வேறு என்பது சட்டத்தின் கொள்கை. நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் இசைப் படைப்பையும் ஒலிப்பதிவையும் இருவேறு பொருள்களாகவே கொள்கிறது. பாட்டு அதை எழுதி இசையமைத்தவருக்கு உரியதாயிருக்க, பதிவு அதற்குச் செலவிட்ட நிறுவனத்துக்கு உரியதாயிருப்பது உலகெங்கும் வழக்கம். எனவே, தன் குரலே தனக்குச் சொந்தமில்லாத பாடகர் பலர். அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் 2021 முதல் 2023 வரை தம் பழைய தட்டுகள் நான்கை மறுபடி பாடி வெளியிட்டது இக்காரணத்தால்தான். பின்னர் 2025-இல் பழைய பதிவுகளின் உரிமையையும் அவர் விலைக்கு வாங்கினார்.

வேறு காரணங்களும் உண்டு. ஆள் மாறிய குழு தன் இன்றைய உருவில் பழைய பாட்டைக் காட்ட விரும்பலாம். அன்று கைக்கு எட்டாத கருவிகள் இன்று எட்டலாம். மெட்டல் உலகில் இவ்வழக்கம் புதிதன்று. பின்லாந்தின் ‘சொனாட்டா ஆர்க்டிகா’ 1999-இல் வெளியிட்ட ‘எக்லிப்டிகா’ என்னும் தம் முதல் தட்டை 2014-இல் மறுபடி பதிந்தது. அமெரிக்காவின் ‘மனோவார்’ 1982-இல் வெளியிட்ட ‘பேட்டில் ஹிம்ஸ்’ தட்டை 2010-இல் மறுபடி பதிந்தது. இதில் ஓர் இரங்கத்தக்க சிக்கல் எழுந்தது. முதற்பதிவில் ‘டார்க் அவெஞ்சர்’ என்னும் பாட்டினிடையே கதை சொன்னவர் நடிகரும் இயக்குநருமான ஆர்சன் வெல்ஸ். அவர் 1985-இல் மறைந்துவிட்டார். மறுபதிவில் அவ்விடத்தில் நடிகர் கிறிஸ்டோபர் லீ பேசினார். அவருடைய குரலும் கம்பீரமானதே. ஆயினும் கேட்பவர் காதில் இறந்தவருடைய இடம் தெரியாமல் போகவில்லை. கிதார் போனால் வேறு கிதார் வாங்கலாம். குரல் போனால் வேறு குரல் வாங்க முடியாது.

என்னென்ன மாறின?

இனி நம் தட்டுக்கு வருவோம். பாடகர் ஹான்சி கியூர்ஷ், கிதார்க் கலைஞர்கள் ஆந்த்ரே ஓல்பிரிஷ், மார்க்கஸ் சீப்பன் ஆகிய மூவரும் இரு பதிவுகளிலும் இருக்கிறார்கள். டிரம்ஸ் கை மாறிவிட்டது. 1992-இல் வாசித்த தோமன் ஸ்டவுஹ் 2005-இல் குழுவிலிருந்து விலகினார். அவ்விடத்துக்கு வந்த ஃபிரெடரிக் ஏம்கே மறுபதிவில் வாசிக்கிறார்.

பழைய பதிவில் டிரம்ஸ் ஒரு பெரிய மண்டபத்துக்குள்ளிருந்து ஒலிப்பது போன்று கேட்கிறது. எதிரொலியைச் சேர்த்து ஒலியைப் பெருக்கிக் காட்டுவது அக்காலத்து வழக்கம். அதனால் வேகமான இடங்களில் ஓர் அடியின் வால் அடுத்த அடியின் தலையில் மோதுகிறது. புதிய பதிவில் அடி ஒவ்வொன்றும் நெல்மணிபோல் தனித்துத் தெரிகிறது. தெளிவு கூடியிருக்கிறது, மண்டபம் மறைந்திருக்கிறது.

கிதாரின் கரகரப்பு எப்படிப் பிறக்கிறது? மின்னலையின் உச்சி ஓரளவுக்கு மேல் எழ முடியாதபடி வெட்டப்படுகிறது. வெட்டுண்ட அலையிலிருந்து மேற்சுரங்கள் பல புறப்படுகின்றன. இரண்டு கிதார்கள் அவ்வாறு முழங்கும்போது அந்த மேற்சுரங்கள் குரல் வாழும் இடத்தையும் பிடித்துக்கொள்கின்றன. கூட்டமான பேருந்தில் நிற்க இடம் தேடுவது போலக் குரல் இடம் தேடுகிறது. பழைய பதிவில் கியூர்ஷ் இதைத் தொண்டையின் வலுவாலேயே வெல்கிறார். புதிய பதிவில் ஒவ்வொரு கருவிக்கும் இருக்கை ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

கூட்டுக்குரலிலும் வேறுபாடு உண்டு. ஒருவரே பலமுறை பாடி, குரல்மேல் குரல் அடுக்குவது இக்குழுவின் கலை. காந்த நாடாவில் தடங்களுக்கு எல்லை உண்டு; பல தடங்களை ஒன்றாக்கி மறுபடி பதியும்தோறும் இரைச்சலும் சேர்ந்துகொள்ளும். கணிப்பொறியில் அத்தொல்லை இல்லை. ஆகவே மறுபதிவில் பல்லவிகள் அகன்று, கோயில் மதில்போல் எழுகின்றன. பழையதிலோ நாலைந்து நண்பர்கள் தோள்மேல் கைபோட்டுக் கத்துவது போல இருக்கிறது. எது உயர்ந்தது? மதிலை விரும்புவோர் மதிலைக் கேட்கட்டும். நான் தோளை விரும்புகிறேன்.

கடைசியாகக் குரல். கியூர்ஷ் 1966-இல் பிறந்தவர். முதற்பதிவின்போது அவருக்கு வயது 25. மறுபதிவு வெளிவந்தபோது 58. நம் தொண்டையிலுள்ள குரல்நாண்கள் விநாடிக்கு எத்தனை முறை மூடித் திறக்கின்றனவோ அதுவே சுரத்தின் உயரம். உச்சத்தில் பாடும் ஆண்குரல் விநாடிக்கு ஐந்நூறு முறைக்கு மேலும் அதிரக்கூடும். வயது ஏற ஏறக் குரல்வளையின் குருத்தெலும்புகள் இறுகுகின்றன. நாண்களின் நெகிழ்வும் குறைகிறது. பயிற்சி இதைத் தள்ளிப்போடும், தடுத்து நிறுத்தாது. பழைய பதிவில் அவர் உச்சத்தை நோக்கிப் பாயும்போது குரலின் ஓரம் கிழிகிறது. புதிய பதிவில் எங்கே பாய வேண்டும், எங்கே படியேற வேண்டும் என்று அறிந்த குரல் பாடுகிறது. பாட்டின் பொருள் முன்னைவிட விளங்குகிறது. ஆனால், அந்தக் கிழிசல் இல்லை.

ஒப்பிடும் முறை

ஒப்பிடுவதிலும் ஒரு நேர்மை வேண்டும். எங்கள் விடுதியில் முதலில் இரண்டையும் கைப்பேசியில் அப்படியே ஒலிக்கவிட்டோம். புதியது எளிதில் வென்றது. பிறகுதான் பிழை புரிந்தது. இக்காலத்துப் பதிவுகளில் மெல்லொலியையும் வல்லொலிக்கு அருகே உயர்த்திப் பதிவது வழக்கம். எனவே ஒரே பித்தானில் வைத்தாலும் புதியது உரக்கக் கேட்கிறது. உரக்கக் கேட்பதை நம் காது சிறந்தது என்று எண்ணிவிடுகிறது. காரணம் உண்டு. ஒலி தணிந்திருக்கும்போது கீழ்ச்சுரங்கள் நம் காதுக்குக் குறைவாகவே எட்டுகின்றன. ஒலியை உயர்த்தினால் அவை நிறைந்து வருகின்றன. ஃபிளெட்சரும் மன்சனும் 1933-இல் வெளியிட்ட ஆய்வு இவ்வுண்மையை அளந்து காட்டியது.

ஆகவே மறுநாள் இரண்டின் உரப்பையும் சமமாக்கி, எது எதுவென்று சொல்லாமல் கேட்கச் செய்தோம். வாக்குகள் சிதறின. பழையதைப் பள்ளிநாள் முதல் கேட்டு வந்தவர்கள் நான்கு விநாடிக்குள் அதைக் கண்டுபிடித்து அதற்கே வாக்களித்தார்கள். இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. அடிக்கடி எதிர்ப்படும் பொருளை, எதிர்ப்படுகிறது என்பதற்காகவே மனம் விரும்பத் தொடங்கும் என்பதை ராபர்ட் சயான்ஸ் என்னும் உளவியலார் 1968-இல் சோதனைகளால் எடுத்துக்காட்டினார். ‘பழையதே உயர்ந்தது’ என்னும் நம் தீர்ப்பில் பாதி, பாட்டின் உயர்வாயிராமல் பழக்கத்தின் உறவாகவே இருக்கலாம். புதியது கேட்டு வளரும் இளைஞர்க்கு நாளை அதுவே பழையதாகும்.

மெட்டல் இசையே கேட்டறியாத ஓர் அக்கா, தமிழ் இலக்கியம் ஆய்பவர், இரண்டையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இரண்டாவதாகப் பாடியவர் முதலில் பாடியவனுக்கு அண்ணனா?” என்று கேட்டார். ஒருவனை ‘பாடியவன்’ என்றும் மற்றவரை ‘பாடியவர்’ என்றும் அவர் அறியாமலே பிரித்ததைக் கவனியுங்கள். எங்கள் ஆராய்ச்சி அனைத்திலும் இதைவிடக் கூர்மையான முடிவு கிட்டவில்லை.

சாம்பலும் குரலும்

இத்தட்டில் ‘ஆஷஸ் டு ஆஷஸ்’ என்றொரு பாட்டு உண்டு. கியூர்ஷ் தம் தந்தையின் மறைவை எண்ணி எழுதியது. இருபத்தைந்து வயதில் பாடியபோது அது அழுகைக்குப் பதிலாக வந்த கூச்சல். ஐம்பத்தெட்டு வயது மனிதர் அதே சொற்களைப் பாடும்போது கூச்சல் இல்லை. துயரம் போய்விட்டது என்று நான் சொல்லமாட்டேன். அது வீட்டில் ஓரிடம் பார்த்து உட்கார்ந்துவிட்டது.

இப்பாட்டைப் பற்றி நடுநிலையோடு பேச எனக்கு இயலவில்லை. அதற்குரிய காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். வேலை தேடித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வடக்கே வந்து குடியேறியவர் என் தந்தையார். நான் இளங்கலை இரண்டாம் ஆண்டில் இருக்கும்போது காலமானார். அவர் அனுப்பிய குரற்செய்தி ஒன்று என் கைப்பேசியில் இருக்கிறது. பதினொரு விநாடி. “சாப்டியாடே? பணம் போட்டுருக்கேன், பாத்துக்கோ” என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. மின்விசிறியின் இரைச்சல் அவர் குரலைவிடச் சற்று மேலோங்கியே இருக்கும்.

கற்ற பௌதிகத்தை எதற்குப் பயன்படுத்துவது? ஒருநாள் அமர்ந்து அந்த இரைச்சலை வடிகட்டினேன். விசிறி மறைந்தது. குரல் துலங்கியது. ஆனால், விசிறியின் ஒலியும் ‘ச’ என்னும் ஒலியும் ஓரளவு ஒரே அலைவரிசையில் வாழ்பவை. ஒன்றை நீக்கினால் மற்றதிலும் கொஞ்சம் போகும். ‘சாப்டியாடே’ என்பதன் முதலெழுத்து மழுங்கிவிட்டது. அம்மாவிடம் கேட்கக் கொடுத்தேன். “நல்லாத்தான் இருக்கு. பழசையே வைடா” என்றார். அவருக்கு அந்த விசிறியும் வேண்டியிருந்தது. எங்கள் வீட்டுக் கூடத்தில் சுழன்ற விசிறி அது.

அன்றுதான் எனக்கு ஒன்று விளங்கியது. பதிவு என்பது பாட்டு மட்டுமன்று. ஒருநாளின் சான்றும் ஆகும். இன்ன ஆண்டில், இன்ன அறையில், இன்ன வயதில் ஒருவர் இப்படி ஒலித்தார் என்பதற்கு அது சாட்சி. சாட்சியைத் திருத்தினால் சாட்சி போய்விடும். பழைய பதிவைக் கடையிலிருந்து அகற்றி, அதன் இடத்தில் புதியதை வைப்பதாயிருந்தால் நான் வன்மையாக எதிர்ப்பேன்.

ஆனால், என் வாதத்துக்கு எதிர்வாதமும் என்னிடமே இருக்கிறது. கியூர்ஷ் இன்னும் உயிரோடு இருக்கிறார். தம் தந்தைக்காகத் தாம் எழுதிய பாட்டை முப்பத்திரண்டு ஆண்டு கழித்துப் பாட அவருக்கு உரிமை இல்லையா? ‘நீ இருபத்தைந்து வயதிலேயே நின்றுவிடு’ என்று ஒரு மனிதரிடம் சொல்ல நாம் யார்? என் தந்தையார் இருந்திருந்தால் அவர் குரலும் மாறியிருக்கும். மாறிய அக்குரலில் அதே “சாப்டியாடே” என்பதைக் கேட்க நான் எதைக் கொடுக்கமாட்டேன்?

‘பார்ட்ஸ் சாங்’ பாட்டுக்கு இன்று என்ன நேர்ந்திருக்கிறது என்பதையும் பாருங்கள். மேடையில் அப்பாட்டு தொடங்கியதும் கூட்டமே பாடத் தொடங்கிவிடுகிறது. பாடகர் தாம் நிறுத்திக்கொண்டு மக்களைப் பாடவிடுகிறார். 1992-இல் பிறக்காதவரும் அக்கூட்டத்தில் பாடுகிறார்கள். பாட்டு முதற்பதிவிலும் இல்லை, மறுபதிவிலும் இல்லை; அது பல்லாயிரம் தொண்டைகளில் குடியேறிவிட்டது. பாணன் பாட்டுக்கு இதைவிட வேறென்ன பேறு வேண்டும்?

நண்பர்களே! இரண்டையும் கேளுங்கள். உரப்பைச் சமமாக்கிக் கேளுங்கள். புதியதை முதலில் கேட்டு, பழையதைப் பின்னர் கேளுங்கள். மறுநாள் வரிசையை மாற்றுங்கள். அதன்பின் எது பிடித்ததோ அதைப் பிடித்ததென்று சொல்லுங்கள். மற்றதைப் பொய் என்று சொல்லாதீர்கள். பழையது ஓர் இளைஞன் நின்ற இடம். புதியது அவன் நடந்து வந்து சேர்ந்த இடம்.

கோவைத் தம்பி இன்னும் என் தீர்ப்பை ஏற்கவில்லை. மதுரைக்காரனும் ஏற்கவில்லை. வரும் சனிக்கிழமை இரவு மாடியில் மறுவிசாரணை நடக்கும். வர விரும்புவோர் வரலாம், தேநீர் உண்டு.